எழுந்து நின்ற அடிக்கட்டை

அடிக்கட்டையை அரைத்துத் தூளாக்கும் மெஷின் ஒன்று உங்களுக்கு வந்திருக்கிறதாம். சந்தோஷம். அது இருபது வருடம் முன்னால் வந்திருந்தால் என் இடுப்பு இன்று நிமிர்ந்திருக்கும். இப்போது நாற்காலியிலிருந்து எழுவதற்கு மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவள் வந்து சேர்வதற்குள் எதற்கு எழ நினைத்தேன் என்பதே மறந்துவிடுகிறது.

அடிக்கட்டை எடுக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. பர்மிய மொழியில் எழுதினால் சட்டென்று படித்துவிடுவீர்கள் என்பதும் தெரியும். ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். அன்று நான் பயந்தது தமிழில்தான். அதை வேறு பாஷையில் சொன்னால் பாதிப் பயம் வழியிலேயே சிந்திவிடும்.

பக்கவேரை எங்கே அறுப்பது, சங்கிலியை எங்கே மாட்டுவது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஒரு வாரம் மண்ணில் நின்றால் கை தானாகப் படித்துக்கொள்ளும். கை படிக்காத விஷயம் ஒன்று உண்டு. எப்போது இழுக்கக் கூடாது என்பதுதான் அது.

வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே அவசரம். மரம் இருந்த காலமெல்லாம் அதன் நிழலில் கட்டில் போட்டுத் தூங்கியவர்கள், அது விழுந்த மறுநாளே இருந்த சுவடு தெரியக் கூடாது என்பார்கள். ஒருவர் நாம் போவதற்குள் ஒரு மூட்டை உப்பைக் கொட்டி வைத்திருப்பார். இன்னொருவர் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றிக் கொளுத்தி, வேலியையும் அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டையும் சேர்த்து எரித்திருப்பார். அடிக்கட்டை மட்டும் கன்னங்கரேலென்று அங்கேயே உட்கார்ந்திருக்கும். மரம் செத்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அந்தச் செய்தி வேருக்குப் போய்ச் சேர ரொம்ப நாளாகும். வெட்டிப் போட்ட அடிக்கட்டை மழைக்காலத்தில் துளிர்ப்பதை நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள்.

இரண்டாயிரத்து எட்டில் அடித்த புயலை உங்களில் சிலர் சிறுபிள்ளைகளாகப் பார்த்திருப்பீர்கள். புயல் ஓய்ந்து கதவைத் திறந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, வெளிச்சம் அதிகமாக இருக்கிறதே என்பதுதான். எங்கள் பேட்டையான தின்கன்ஜூனில், எங்கள் தெருவில், வெயில் தரையைத் தொடவே நேரமாகும். அன்று அது நேராக வீட்டுக்குள் வந்து நின்றது. வெளியே ஒரு மரம் நிற்கவில்லை. காகங்கள் உட்கார இடமில்லாமல் மதில்களின் மேல் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. எந்தத் தெருவில் நுழைந்தாலும் யாராவது கையைப் பிடித்து இழுத்தார்கள். அப்படிப் போன வீடுகளில் ஒன்றுதான் ஹமீது பாயின் வீடு. கியாக்டடா கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், தின்கன்ஜூனில் பழைய தோட்ட வீடு. நல்ல மனிதர், ஆனால் பொறுமை என்பது பக்கத்து வீட்டில்கூடக் கிடையாது.

அவர் தோட்டத்தில் மதிலோரமாக ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். பர்மியர்கள் கொக்கோ என்பார்கள். அது வீட்டைப் பார்த்து விழுந்து, வாசலுக்கு நாலடி முன்னால் நின்றிருந்தது. வாசல் வழி அடைபட்டுப் போயிற்று. மதில் பக்கம் வேரும் மண்ணும் பெயர்ந்து இரண்டு ஆள் உயரச் சுவராக எழுந்திருந்தன. அந்தச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் ஆழமான பள்ளம். மதிலும் ஓரிடத்தில் உடைந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் டோ கின் என்ற அம்மாளின் அடுப்படி. டோ கின் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார்.

பாய் வீட்டில் தோட்டத்தையும் காவலையும் பார்த்துக்கொண்டவர் ரத்தினம். ஐம்பதைத் தாண்டியவர். மகளை இன்சீனில் கட்டிக் கொடுத்துவிட்டு, தோட்டத்து மூலையில் ஒரு சின்ன அறையில் தனி ஆளாக இருந்தார். இரண்டு காதும் மந்தம். பாய் அவரிடம் பேசும்போது அடுத்த தெருவுக்கும் சேர்த்துப் பேசுவார்.

அன்று காலை அந்த ரத்தினம் மரத்துக்கு அடியில், மண்ணுக்குள், உயிரோடு இருந்தார். எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் அவருக்கு மேலே நின்றுகொண்டு நாங்கள் தேநீர் குடித்தோம். இதை எழுதும்போதும் எனக்கு அந்தத் தேநீரின் ருசி நாக்கில் வருகிறது. அதற்குப் பிறகு வேலையிடத்தில் நான் நின்றுகொண்டு தேநீர் குடித்ததில்லை.

என் கூட்டத்தில் மூத்தவர் கோ மியோ. அறுப்பதற்கு முன் அவர் பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து, யாராவது இருக்கிறீர்களா என்று சத்தம் போட்டார். நானும் பார்த்தேன். ஆள் இல்லை. அறுந்த வேர்கள் திரையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தத் திரைக்குப் பின்னால் மண்ணுக்குள் போகும் ஒரு செங்கல் வாசல் இருந்ததும், ரத்தினம் அதற்குள் தவழ்ந்து போயிருந்ததும், கோ மியோவின் சத்தம் அவர் காதுக்கு எட்டாததும் எங்களுக்கு எப்படித் தெரியும்?

அறுத்தோம். சாய்ந்து கிடக்கும் மரத்தின் உடலை அறுத்து எடுத்துவிட்டால், வேர்மண்ணின் பாரம் அடிக்கட்டையைப் பின்னுக்கு இழுத்து நிமிர்த்திவிடும். அதனால்தான் பள்ளத்தில் ஆள் நிற்கக் கூடாது என்கிறோம். சில சமயம் அது விசையாகத் துள்ளி எழும். அன்று துள்ளவில்லை. மெல்ல எழுந்தது. தூங்கிய ஆள் கையை ஊன்றி எழுவதுபோல, ஒவ்வொரு வேராக முனகிக்கொண்டு, அவசரமே இல்லாமல் எழுந்தது. நேராக நின்றது. பிறகு தன் பள்ளத்துக்குள் தொம்மென்று உட்கார்ந்தது. தரை ஒரு முறை அதிர்ந்தது. பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. புயலே வராதது மாதிரி அது அங்கே நின்றது, தலை மட்டும் இல்லை.

"இதென்ன மேஸ்திரி, விழுந்தது எழுந்திரிச்சி நிக்கிது?" என்றார் ஹமீது பாய். குரலில் கோபமா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்படித்தான் பாய். சங்கிலி போட்டு இழுத்துருவோம்" என்றேன். அதற்காகத்தான் சங்கிலியைச் சுருட்டி இழுக்கும் வின்ச் வைத்த லாரி வந்திருந்தது. அந்த நாட்களில் லாரி கிடைப்பது குதிரைக்கொம்பு. மத்தியானத்துக்குள் அது வேறு வீட்டுக்குப் போக வேண்டும்.

சங்கிலி மாட்டியாயிற்று. இழுப்பதற்கு முன் கோ மியோ தன் வழக்கத்தைச் செய்ய வந்தார். மரத்தில் ஒரு நாத், அதாவது காவல் தெய்வம், குடியிருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. குடியிருப்பவரைக் கேட்காமல் வீட்டை இடிப்பது மரியாதையில்லை அல்லவா? அதனால் எந்த அடிக்கட்டையானாலும் கோடாலியின் பின்பக்கத்தால் மூன்று தட்டுத் தட்டி, இடத்தை விட்டுப் போகும்படி சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். நான் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன். அவர் தட்டும்போது நான் சற்றுத் தள்ளி நின்று சங்கிலியைச் சரிபார்க்கிற மாதிரி பாவனை செய்வேன். தட்டாவிட்டால் ஆட்கள் வேலை செய்ய மாட்டார்கள், அதனால் விட்டு வைத்திருந்தேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோ மியோ பர்மிய மொழியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "மரம் போயிருச்சுங்க. நீங்களும் கெளம்புங்க. எங்க மேல கோவிச்சுக்காதீங்க." பிறகு மூன்று தட்டு.

வழக்கமாக அதோடு முடிந்துவிடும். வெற்றிலையைத் துப்பிவிட்டு வேலையை ஆரம்பிப்போம். அன்று கோ மியோ கோடாலியை இறக்கவில்லை. தலையைச் சாய்த்தபடியே நின்றார்.

கீழேயிருந்து மூன்று தட்டு வந்தது.

சத்தம் பெரிதில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ விரல் மடக்கித் தட்டுவதுபோல நிதானமாக, இடைவெளி விட்டு வந்தது. நாங்கள் தட்டிய அதே இடைவெளி. லாரி ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார். மற்ற இரண்டு ஆட்களும் வாசல் கேட்டுக்குப் போய்விட்டார்கள், எப்போது நடந்தார்கள் என்றே நான் பார்க்கவில்லை. கோ மியோ ஓடவில்லை. மண்டியிட்டுக் கைகூப்பினார்.

"வேர் முறியிற சத்தம்" என்றேன் உரக்க. மேஸ்திரி என்றால் எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்க வேண்டும்.

"சயா," என்றார் கோ மியோ. எங்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். "வேர் எண்ணிக்கிட்டு முறியாது. நாத் எடத்தை விட மாட்டேங்குது. இன்னிக்கு விட்டுருவோம். நாளைக்குத் தேங்காயும் வாழைச் சீப்பும் வச்சுக் கேட்டுப் பாப்போம்."

பாய் ஏதோ ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டார். ஓதி முடித்ததும் அவருடைய பழைய குரல் திரும்பிவிட்டது. "ஷைத்தானா இருந்தா அதுக்கு நான் ஓதிக்கிறேன். லாரியை விட்டுட்டா மறுபடி எப்பக் கெடைக்கும்? கெடக்கிற மரத்தையும் இழுத்தாத்தானே வாசல் தொறக்கும், அதுவரைக்கும் நான் என் வீட்டுக்குள்ள மதில் ஏறியா போறது? இழுங்க மேஸ்திரி!"

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். கோ மியோ சொன்னபடி மறுநாளைக்கு ஒத்திவைத்திருந்தால், ரத்தினம் மூச்சுமுட்டிச் செத்திருப்பார். பாய் சொன்னபடி இழுத்திருந்தால் அந்த நிமிடமே செங்கல் சரிந்து செத்திருப்பார். வேர் முறிகிறது என்று நான் சொன்னதை நானே நம்பியிருந்தாலும் அதே முடிவுதான். தெய்வம், பேய், வேர் என்று நாங்கள் மூன்று பேரும் மூன்று பெயர் வைத்துவிட்டோம். பெயர் வைத்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் காது கொடுப்பதில்லை.

என்னை எது தூண்டியது என்று எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோ மியோவின் கையிலிருந்து கோடாலியை வாங்கினேன். மூன்றுக்கு மூன்று தற்செயலாகக்கூட அமையலாம். ஆகவே நான் இரண்டே இரண்டு தட்டினேன்.

காத்திருந்தேன். மதிலில் இருந்த காகங்கள் எல்லாம் அடிக்கட்டையையே பார்ப்பதாகப் பட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வேர்தான், வேறொன்றுமில்லை என்று நான் மூச்சை விட்ட பிறகு அது வந்தது.

இரண்டு தட்டு.

பயந்தேன். இத்தனை வருடம் மண்ணைத் தோண்டியவன், அந்த மண்ணின் மேல் நிற்கவே பயந்தேன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்போது மனதில் ஒரு கணக்கு ஓடியது. கீழே இருப்பது தெய்வமாக இருந்தால், தோண்டினால் கோபப்படும். மனுஷனாக இருந்தால், தோண்டாவிட்டால் சாவான். கோபத்தை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"பாய், வீட்டு ஆளுங்க எல்லாரும் இருக்காங்களா?"

"எல்லாரும் உள்ளதான். ரத்தினம் தண்ணிக்குப் போயிருக்கான்." கரண்ட் இல்லாததால் பம்பு ஓடாது. தெருக்கோடிக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும்.

"எப்ப போனாரு?"

பாய் தோட்டத்து மூலையைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்த திசையில் நாங்களும் பார்த்தோம். தண்ணீர்த் தகரம் இரண்டும், காவடிக் கட்டையும் ரத்தினத்தின் அறை வாசலில் காய்ந்து கிடந்தன.

"ரத்தினம்!" என்று பாய் தரையைப் பார்த்துக் கத்தினார். நேருக்கு நேர் நின்றாலே காது கேட்காத மனிதரை, மண்ணுக்குள் இருப்பவரை, தொண்டை கிழிய மறுபடி மறுபடி கூப்பிட்டார். நான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "பாய், கீழ என்ன இருக்கு? வேர்ல பழைய செங்கல் சிக்கியிருக்கு பாருங்க" என்றேன்.

"வாப்பா சொல்லுவாக," என்றார் அவர். "யுத்தக் காலத்துல குண்டுக்குப் பயந்து பதுங்கு குழி கட்டி வச்சிருந்தாகளாம். மதிலோரமாத்தான். மூடியாச்சுன்னு சொன்னாக."

மூடவில்லை. மரம் அதன் மேல் வளர்ந்து, வேரால் கூரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது. மரம் சாய்ந்தபோது வாசல் திறந்தது. அடிக்கட்டை எழுந்து நின்றபோது வாசல் அடைபட்டது. அந்த அடிக்கட்டையை இழுத்தால் கூரையும் கூடவே வரும். லாரி ஓட்டுநரிடம் ஓடினேன். இழுப்பதற்காக மாட்டிய சங்கிலியை, அடிக்கட்டை இம்மியும் அசையாதபடி இறுக்கிப் பிடிக்க மட்டும் சொன்னேன். அவர் கை பிரேக்கில் இருந்தது, கண் என் மேல் இருந்தது. கடைசிவரை அவர் அசையவில்லை.

மதிலோரமாக, அடிக்கட்டையிலிருந்து தள்ளி, செங்கல் வரிசை போகும் திக்கில் தோண்டினோம். முதலில் மண்வெட்டியை எடுத்தது கோ மியோதான். அவருடைய பயம் போகவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெட்டினார். கேட்டுக்குப் போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். பாய் வெள்ளைச் சட்டையோடு மண்ணில் இறங்கிக் கையால் அள்ளினார். அவரைப் பற்றி மேலே நான் எழுதிய கேலியையெல்லாம் அந்தக் கைகளுக்காகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

செங்கல் தட்டுப்பட்டதும் கடப்பாரையின் முனையால் மெதுவாகத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். அங்கே மட்டும் பதில் வரவேயில்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன்.

ஒவ்வொரு கல்லாகப் பிரித்தோம். உள்ளேயிருந்து ஈரமும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாடை வந்தது. அந்தச் சின்ன ஓட்டையில் முதலில் ஒரு கை தெரிந்தது. நான் தொட்டேன். சூடாக இருந்தது. அந்தச் சூட்டை நான் மறக்க மாட்டேன். எந்த வீட்டு வேலையிலும் எனக்கு அதற்கு மேல் கூலி கிடைத்ததில்லை.

தொடைவரை மண் மூடிக் கிடந்தார் ரத்தினம். இழுத்து வெளியே போட்டோம். முகமெல்லாம் மண், கண் மட்டும் சிமிட்டியது. தண்ணீர் குடித்தார். பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார்: "ஆட்டுக்குட்டி கெடச்சிச்சா?"

புயலில் அறுத்துக்கொண்டு ஓடிய குட்டி பள்ளத்துக்குள் இறங்கியதாக நினைத்து அவர் உள்ளே போயிருக்கிறார். அந்தக் குட்டி உடைந்த மதிலின் மேல் நின்று, விழுந்த மரத்தின் இலையை மென்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பாய் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அழுகையாக மாறியது. ரத்தினத்தின் தலையைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல விம்மினார். நானும் அழுதேன், மண் விழுந்தது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நீ தட்டினியே, அதனாலதான்டா பொழச்சே!" என்று பாய் அவர் காதில் கத்தினார்.

ரத்தினம் விழித்தார். "நானா? நான் தட்டலியே பாய்."

"என்னடா சொல்றே?"

"தலைக்கு மேல கல்லு ஆடிக்கிட்டு நின்னுச்சு. வெரலை அசைச்சாக்கூட விழுந்துருமோன்னு மூச்சையே மெதுவாத்தான் விட்டுக்கிட்டுக் கெடந்தேன். யாரு தட்டுனது?"

கோ மியோ என்னைப் பார்த்தார். நான் அடிக்கட்டையைப் பார்த்தேன். உச்சி வெயிலில் அதன் அறுத்த முகம் ஈரமாக மின்னியது. சுற்றி இத்தனை பேர் நின்றும் எனக்கு முதுகுப் பக்கம் காலியாக இருப்பதாகத் தோன்றியது.

அப்போது மதிலின் உடைசலில் டோ கின் வந்து நின்றார். கன்னத்தில் மரப்பட்டையை அரைத்துப் பூசிய தனக்கா, கையில் தட்டு. தட்டில் தேங்காய், வாழைப்பழம், ஒரு மெழுகுவர்த்தி. எங்கள் முகங்களைப் பார்த்து அவரே பயந்துபோனார்.

"என்ன ஆச்சு? அது இங்க வந்துருச்சா?" என்று கேட்டார்.

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. அந்த மரத்தின் ஒரு வேர் அறுபடாமல் மதிலுக்கு அடியில் போய், அவர் அடுப்படித் தரையைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்ததாம். காலையில் சமைத்துக்கொண்டிருந்தபோது அந்த வேரில் மூன்று தட்டுக் கேட்டதாம். "வீடு போன நாத் தெய்வம். பாவம், எத்தனை பேருக்கு வீடு போச்சு இந்தப் புயல்ல. கேட்டு வந்தவங்களுக்குப் பதில் சொல்லாம இருந்தா மரியாதையா? 'நான் தனியாத்தான் இருக்கேன், இங்க வந்து இருங்க'ன்னு சொல்லி, மிளகா இடிக்கிற உலக்கையால மூணு தட்டுத் தட்டினேன்" என்றார்.

எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோ மியோ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் தட்டியதை டோ கின் தெய்வம் என்று நினைத்திருக்கிறார், அவர் தட்டியதை நாங்கள் தெய்வம் என்று நினைத்திருக்கிறோம். நடுவில் ஒரு உயிர் பிழைத்திருக்கிறது. ரத்தினத்தின் காதில் பாய் விஷயத்தைச் சொன்னதும், அவர் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் டோ கின்னின் காலைத் தொட்டார். இந்தக் கதை அன்று சாயங்காலத்துக்குள் தின்கன்ஜூன் முழுக்கப் பரவிவிட்டது. உங்களில் யாராவது கேள்விப்பட்டிருந்தால் இதுவரைதான் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

உடைசலைத் தாண்டத் தடுமாறியதால் டோ கின்னைக் கையைப் பிடித்து அவர் வீட்டுக்கு நான்தான் கூட்டிப் போனேன். அடுப்படியில் அந்த வேரைக் காட்டினார். சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு முழங்கை மாதிரி முட்டி நின்றது. பக்கத்தில் உலக்கை சாய்த்து வைத்திருந்தது.

"ரெண்டாவது தடவை நான் ரெண்டுதான் தட்டினேன். நீங்களும் சரியா ரெண்டு தட்டினீங்களே, அதுலதாங்க எனக்கு நம்பிக்கை வந்துச்சு" என்றேன்.

டோ கின் என்னைப் பார்த்தார். "ரெண்டாவது தடவையா?"

"ஆமா."

"நான் ஒரு தடவைதான் தட்டினேன். ஒடனே வாழைப்பழம் வாங்க ஓடிட்டேன். தெருவுல எங்கயும் கெடைக்கல, சந்தைவரைக்கும் போயிட்டு இப்பத்தான் வர்றேன். வீடு பூட்டியில்ல கெடந்துச்சு?"

நாங்கள் இரண்டு பேரும் அந்த வேரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுப்பு அணைந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. டோ கின் தட்டைக் கீழே வைத்து, மெழுகுவர்த்தியை வேரின் பக்கத்தில் ஏற்றினார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "ரத்தினத்துக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சயா. ராத்திரி அங்க தனியாப் படுக்கிற மனுஷன்."

நான் சொல்லவில்லை. கோ மியோவிடமும் சொல்லவில்லை. மறுநாள் அதே லாரியைக் கெஞ்சிக் கூட்டி வந்து, தேங்காயும் பழமும் வைத்துக் கேட்டுவிட்டு, பதுங்கு குழியை மண் போட்டு நிரப்பி, அடிக்கட்டையை எடுத்தோம். கோ மியோ கைகூப்பியபோது பாய் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் இந்த முறை சங்கிலியைச் சரிபார்க்கிற மாதிரி பாவனை செய்யவில்லை. எல்லா வேரையும் அறுத்தோம். மதிலுக்கு அடியில் போகும் அந்த ஒரு வேர் வந்தபோது, மதில் பலவீனமாகிவிடும் என்று ஒரு காரணம் சொல்லி விட்டுவிட்டேன். மேஸ்திரிக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா?

ரத்தினம் போன மழைக்காலத்தில் காலமானார். வயதாகித்தான், இன்சீனில், கட்டிலில், மகள் பக்கத்தில் இருக்கும்போது. டோ கின் அவருக்கு முன்பே போய்விட்டார். இனி பயப்பட யாரும் இல்லை என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் புது மெஷின் போடும் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. ஆகவே அதை ஓட்டுவதற்கு முன் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகக் கண்ணால் பாருங்கள். பிறகு அடிக்கட்டையை ஒரு முறை தட்டுங்கள். உங்கள் சாமி எதுவானாலும் பரவாயில்லை. தட்டிவிட்டு உடனே வேலையை ஆரம்பிக்காதீர்கள், இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள். ஏதாவது கேட்டால் அதற்குப் பெயர் வைக்காதீர்கள், மறுபடி தட்டுங்கள்.

டோ கின் தட்டியதால்தான் தான் பிழைத்ததாக ரத்தினம் கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தட்டியது மூன்று. அந்த மூன்றைக் கேட்டு நான் வேர் முறிகிறது என்றுதான் சொன்னேன். நான் இழுக்காமல் நிறுத்தியது, அதற்குப் பிறகு வந்த இரண்டைக் கேட்டு.